ஆகும் முன்னே சொன்ன சாட்சி

எங்கள் சபையில் பாட்டு முடிந்ததும் சாட்சி வேளை வரும். அந்த வாரம் கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று சொல்லலாம். காய்ச்சல் விட்டது, பிள்ளை பாஸானான், ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் லாரிச் சக்கரத்துக்குத் தப்பினேன் என்று சொல்வார்கள். கும்மிடிப்பூண்டி ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கடைசிச் சாட்சிக்குப் பஞ்சமே கிடையாது. சபை ஆமென் சொல்லும். சொன்னவர் உட்காருவார்.

சில வருடங்களுக்கு முன் புதிய பாஸ்டர் வந்தார். கணீரென்ற குரல், சுத்தமான வெள்ளைச் சட்டை, யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று நினைவு வைத்துக் கேட்கும் குணம். எல்லோருக்கும் அவரைப் பிடித்தது, எனக்கும்தான். அவர் ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தார். அதற்கு விசுவாசச் சாட்சி என்று பெயர். இன்னும் நடக்காததை நடந்துவிட்டதாக எழுந்து நின்று சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் நடந்துவிடும். இல்லாததை இருப்பதுபோல் அழைக்கிறவர் நம் தேவன், அப்படியானால் பிள்ளைகளும் அப்படித்தானே அழைக்க வேண்டும் என்பார்.

முதலில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஸ்டீல் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த ஒருவர், "பர்மனென்ட் ஆயிடுச்சி, ஸ்தோத்திரம்" என்று எழுந்து சொன்னார். கூட்டம் முடிந்து வெளியே செருப்பு மாட்டும்போது அதே கம்பெனியில் பர்மனென்டாக இருந்த ஒருவர் அவரை மடக்கினார்.

"இன்னா பிரதர், நாளைக்கு கேட்ல எந்த லைன்ல நிப்பீங்கோ? உங்க லைனா, எங்க லைனா?"

"காலு எங்க லைன்ல நிக்கும் பிரதர். விசுவாசம் உங்க லைன்ல நிக்கும்."

"அப்போ சம்பளம் எந்த லைன்ல குடுப்பாங்கோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் பர்மனென்ட் ஆகவில்லை. அடுத்த வருடம் அந்த ஒப்பந்தமே முடிந்துபோய் வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் சொன்ன சாட்சி என்னவாயிற்று என்று யாரும் கேட்கவில்லை. சொன்னபோது கைதட்டியவர்கள், நடக்காதபோது வாயைத் திறப்பதில்லை. அதுவும் அந்த வழக்கத்தின் ஒரு பகுதி என்று எனக்கு அப்போது புரியவில்லை.

என் மகளுக்குப் பத்தாம் வகுப்பில் முதல்முறை வலிப்பு வந்தது. பள்ளி மைதானத்தில் வரிசையில் நின்றவள் அப்படியே விழுந்தாள். சென்னையில் காட்டினோம். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் அம்மா இரண்டு விஷயங்களை அவளையே திரும்பச் சொல்லவைத்தார். மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. எங்கே இருந்தாலும் பக்கத்தில் இருப்பவர்களிடம் தனக்கு வலிப்பு வரும் என்று சொல்லி வைக்க வேண்டும். மறைத்து வைப்பதுதான் இந்த நோயில் பாதி ஆபத்து என்றார். நெருப்பு, கிணறு, ஓடும் மெஷின் இவற்றின் பக்கம் போகக்கூடாது என்றும் சொன்னார்.

சொல்லி வைப்பது என் மகளுக்குக் கஷ்டமே இல்லை. அவளுக்குப் பொய் வராது. நான் பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் சின்னப் பிள்ளைகளுக்கு வேதபாடமும் நடத்துவேன். பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது என்ற கட்டளையும், ஆமென்றால் ஆம், இல்லையென்றால் இல்லை என்று மட்டும் பேச வேண்டும் என்ற இயேசுவின் போதனையும், நிலத்தை விற்றுவிட்டு அப்போஸ்தலரிடம் பொய் சொன்ன கணவனும் மனைவியும் விழுந்து செத்த கதையும் அந்த வகுப்பில் வருடா வருடம் வரும். மற்ற பிள்ளைகள் கதை கேட்டுவிட்டு பிஸ்கட் தின்னப் போவார்கள். இவள் மட்டும் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வருவாள். வீட்டில் இருந்துகொண்டே "அப்பா இல்லைனு சொல்லு" என்று என் கணவர் சொன்னால், வாசலுக்குப் போய் "அப்பா இல்லைனு சொல்லச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு வருவாள்.

டிப்ளமோ முடித்து, தேர்வாய் கண்டிகையில் கார்களுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். சேரும்போதே அங்கிருந்த நர்ஸிடம் தானே சொல்லியிருக்கிறாள். "எனக்கு ஃபிட்ஸ் வரும் சிஸ்டர், மாத்திரை போடறேன்." அதனால் பேக்கிங் மேஜையில் போட்டார்கள். பெட்டியில் அடுக்குவது, டேப் ஒட்டுவது. படித்த படிப்புக்கு அது வேலையில்லை என்று என் கணவருக்கு வருத்தம். எனக்கு நிம்மதி. டேப்பால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

அந்த வருடம் உபவாசக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஓர் ஊழியர் வந்தார். என் மகளின் தலையில் கைவைத்து ஜெபித்து, விடுதலை ஆயிற்று என்றார். மறுநாளே பாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார், பாஸ்டர் அம்மாவுடன்.

"ஞாயித்துக்கிழமை பாப்பா சாட்சி சொல்லட்டும்" என்றார்.

மகள்தான் கேட்டாள். "பாஸ்டர், இன்னும் டாக்டர்கிட்ட போவலயே. மாத்திரை போட்டுக்கினுதான் கீறேன். ஆயிடுச்சினு எப்டி சொல்றது?"

"ஆனப்பறம் சொல்றதுக்கு விசுவாசம் எதுக்கும்மா? அத ஊர்ல எல்லாரும் சொல்வான்."

"அப்போ அது பொய் இல்லியா?"

பாஸ்டர் சிரித்தார். கோபமே படவில்லை. "பொய்னா மனுஷன் சொல்றது. இது கர்த்தரோட வார்த்தைய நீ திருப்பிச் சொல்றது."

நான் குறுக்கே பேசினேன். இல்லாததை இருப்பதுபோல் அழைப்பது கடவுளுடைய வேலை, அவர் அழைத்தால் அது உண்டாகும். என் மகள் அழைத்தால் எப்படி உண்டாகும்? தனக்குத் தெரியாததை உண்டென்று சொன்னால் அதற்கு வேதத்திலேயே பெயர் இருக்கிறது. கர்த்தர் சொல்லாததைக் கர்த்தர் சொன்னார் என்று பேசியவர்களைத் தீர்க்கதரிசிகள் என்ன பாடு படுத்தினார்கள் என்றும் கேட்டேன்.

பாஸ்டர் அம்மா என் கையைப் பிடித்தார். "சிஸ்டர், நீங்க படிச்சவங்க. படிப்பு வேற, விசுவாசம் வேற. உங்க வாயாலதான் பாப்பாக்கு வியாதி நிக்கிது. அவிசுவாச வார்த்தை பேசாதீங்க."

என் மகளின் வியாதிக்கு என் வாய்தான் காரணம். இதை என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நான் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார். என் கணவர் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் எழுந்து நின்றாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எனக்கு வலிப்பு இருந்துச்சி. கர்த்தர் சுகம் குடுத்தாரு. இப்போ இல்ல." அவ்வளவுதான் சொன்னாள். அந்த 'இப்போ இல்ல' என்ற இடத்தில் கைதட்டல் எழுந்து மைக்கை அமுக்கியது. யாரோ போனில் எடுத்து அனுப்பினார்கள். சாயங்காலத்துக்குள் அது ஊத்துக்கோட்டை வரை போய்விட்டது. யாரென்றே தெரியாதவர்கள் அவளுக்கு ஸ்தோத்திரம் அனுப்பினார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மா சாமி கும்பிடுகிறவர். ஆடி மாதத்தில் பெரியபாளையம் போய் வேப்பஞ்சேலை கட்டி நேர்த்திக்கடன் முடிப்பவர். மாடிப்படியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"டீச்சர், பாப்பாக்கு நல்லாயிட்ச்சாமே? என் மருமவ போன்ல காட்னா."

"மாத்திரை சாப்பிடறா" என்றேன்.

"அப்பறம் நல்லாயிட்ச்சினு சொல்து?" அவரே சொன்னார்: "நாங்க ஆத்தாகிட்ட வேண்டிக்கினா, நடந்தப்பறம்தான் வேப்பில கட்டுவோம். உங்க ஊட்ல நடக்கறதுக்கு முன்னியே கட்டிடறீங்கோ. ஆத்தாவா இருந்தா ஏண்டி அவசரம்னு ஒதைப்பா."

அந்த வருடம் முழுவதிலும் எனக்குத் தெரிந்து இதைப் பற்றிப் புத்தியோடு பேசியவர் அவர் ஒருவர்தான். நான் அதைச் சபையில் சொல்ல முடியுமா?

ஒரு மாதம் கழித்து மகள் சந்தோஷமாக வந்தாள். "மா, மெஷினுக்கு மாத்திட்டாங்க."

"யாரு கேட்டது?"

"நான்தான் சூப்பர்வைசராண்ட சொன்னேன், எனக்குச் சரியாயிடுச்சினு. பேக்கிங் வேணாம்னு."

"ஏண்டி அப்படிச் சொன்னே?"

"சபைல ஒண்ணு, கம்பெனில ஒண்ணு பேச முடியுமாமா?"

அது வெல்டிங் மெஷின். சூடான ஒரு தகட்டில் இரண்டு பிளாஸ்டிக் பாதிகளின் விளிம்பையும் உருக்கி ஒன்றோடொன்று அழுத்தி ஒட்டுவது. நான் கத்தினேன். கம்பெனிக்குப் போய் நானே சொல்கிறேன் என்றேன். என் கணவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். "பொண்ணு ஒரு படி மேல ஏறுனா உனக்கு ஏன் வயிறு எரியுது? அவளே நல்லாயிட்டேன்றா. நீ வியாதி வியாதினு பாடினு கீற."

அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை. அவருடைய அப்பா, தாத்தா எல்லாம் அடுத்தவர் வயலில் குனிந்தவர்கள். குடும்பத்திலேயே முதல் ஆளாக இவர்தான் கம்பெனிக்குள் போனார், அதுவும் ஃபிட்டருக்கு உதவியாளாக. மகள் பேட்ஜ் மாட்டிக்கொண்டு மெஷினுக்கு முன்னால் நிற்பதை அவர் ஆசைப்பட்டது பாவமில்லை. ஆனால் ஆசைக்குத் துணையாகக் கர்த்தரையும் இழுத்துக்கொண்டார்.

கம்பெனிக்கு நான் போகவில்லை. தினமும் அவளைக் கேட்பேன். "மாத்திரை?" "பையில இருக்குமா" என்பாள். பையைத் திறந்து பார்ப்பேன். இருக்கும். எனக்கு அது போதுமானதாக இருந்தது, ஏனென்றால் சொன்னது அவள்.

காலை ஷிஃப்டில் நடந்தது. நான் எட்டாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தபோது தலைமை ஆசிரியர் வாசலில் வந்து நின்று, "போன் வந்திருக்கு, நீங்க கிளம்புங்க" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை உயிரோடு இருக்கிறாளா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மெஷினுக்கு முன்னால் நின்றவள் விறைத்து முன்பக்கமாகச் சாய்ந்திருக்கிறாள். இடது முன்கை தகட்டின்மேல் விழுந்தது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. புதிய லைனில் யாருக்கும் அவளுக்கு வலிப்பு என்று தெரியாது. கரண்ட் அடிக்கிறது என்று நினைத்தார்கள். கரண்ட் அடிக்கிறவளைத் தொடக்கூடாது என்று கம்பெனியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யாரும் தொடவில்லை. ஒருவன் மெயின் சுவிட்சுக்கு ஓடினான். ஒருத்தி காய்ந்த கட்டை தேடினாள். மற்றவர்கள் சுற்றி நின்று கத்தினார்கள். அத்தனை நேரமும் கை தகட்டின்மேல் இருந்தது. ஒருவர் பிடித்து இழுத்திருந்தால் போதும். அவளோடு லைனில் நிற்கும் பெண் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் இட்துட்ருப்பனேமா. ஷாக்குனு பயந்துட்டேன்மா." அந்தப் பெண் செய்தது தவறில்லை. அவளுக்குச் சொல்லிக் கொடுத்த உண்மையை அவள் நம்பினாள். சொல்லப்படாத உண்மைக்கு அவள் என்ன செய்வாள்?

டாக்டர் கேட்டார், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாளா என்று. "போடுகிறாள்" என்றேன், உறுதியாக.

கட்டிலிலிருந்து மகள் சொன்னாள், "இல்லமா."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"சாட்சி சொன்ன அன்னிக்கே நிறுத்திட்டேன்."

"ஏண்டி?"

"சுகமாயிடுச்சினு அத்தன பேர் முன்னாடி சொல்டேன். அப்பறம் மாத்திரை போட்டா நான் சொன்னது பொய்தானேமா? சபைல நின்னு சொன்ன பொய்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கு எல்லாம் புரிந்தது. மற்ற யாராக இருந்தாலும் சபையில் ஒன்றைச் சொல்லிவிட்டு வீட்டில் மாத்திரையை விழுங்கியிருப்பார்கள். சொந்த வீடு கிடைத்துவிட்டது என்று சாட்சி சொன்னவர்கள் எல்லோரும் மாதா மாதம் வாடகை கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். சொன்னதை உண்மையாக்கிவிட வேண்டும் என்று உடம்பைக் கொடுத்தவள் இவள் ஒருத்திதான். பொய்யர்களுக்கு ஆபத்தில்லாத ஒரு வழக்கத்தில், பொய் பேசத் தெரியாத பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம்.

பாஸ்டர் மறுநாள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். ஜெபித்தார். கண் கலங்கியது, அது நடிப்பில்லை. பிறகு என்னையும் என் கணவரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"சபைல கேப்பாங்கோ. கம்பெனில ஷாக்குனுதானே எல்லாரும் சொல்றாங்கோ, அப்படியே இருக்கட்டும். பாப்பாவோட சாட்சியப் பார்த்து எத்தன குடும்பம் வந்துகினு கீது. அவங்க விசுவாசம் கெட்டுடும்."

"கரண்ட் இல்லையே பாஸ்டர்" என்றேன்.

"சிஸ்டர், நாம கரண்ட்னு சொல்ல வேணாம். அவங்க சொல்றத மறுக்க வேணாம். அவ்ளோதான்."

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அதுவும் செரிதான. நாளைக்கி அவளுக்குக் கல்யாணம் காச்சினு ஒண்ணு கீதுல்ல."

ஒன்றுக்கு மூன்றாகப் பொய். முதல் பொய்க்கு விசுவாசம் என்று பெயர். இரண்டாவதற்கு ஞானம். மூன்றாவதற்குப் பெண்ணின் எதிர்காலம். பொய் உதட்டைக் கடவுள் அருவருக்கிறார் என்று நாங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யவைக்கிறோம், ஒப்பித்தால் சாக்லேட் கொடுக்கிறோம்.

அந்த ஞாயிறு நான் மட்டும் சபைக்குப் போனேன். மகளோடு ஆஸ்பத்திரியில் என் தங்கை இருந்தாள். என் கணவர் முன்பே போய் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். சாட்சி வேளை வந்ததும் எழுந்தேன். மைக்கை நான் கேட்டு வாங்கவில்லை. வகுப்பில் பேசுகிற குரல் எனக்கு இருக்கிறது.

"என் மகளுக்குக் கரண்ட் அடிக்கல. அவளுக்கு வந்தது வலிப்பு. அது போகவே இல்ல. போயிடுச்சினு இங்க நின்னு சொன்னதால மாத்திரைய நிறுத்திட்டா. மாத்திரை சாப்பிடறவங்க யாரும்…"

பாஸ்டர் திரும்பிக் கீபோர்டுக்காரரைப் பார்த்தார். அவ்வளவுதான், ஒரு பார்வை. இசை எழுந்தது. முன்வரிசை பெண்கள் பாட ஆரம்பித்தார்கள், கைகளை உயர்த்தி, கண்களை மூடி. நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. என் கணவர் எழவில்லை, பாடவுமில்லை. முழங்கால்களுக்கு நடுவே தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் பின்னாலேயே வந்தாள். எனக்குத் தெரியாதவள். என் மகளுடைய வீடியோவைப் பார்த்து வந்தவர்களில் ஒருத்தி.

"அக்கா, மாத்திரை நிறுத்தக்கூடாதா?"

"கூடாதும்மா. யாருக்கு?"

"எங்க மாமியாருக்கு. ஊட்டுக்காரரு எல்லாத்தையும் தூக்கிக் குப்பைல போட்டுட்டாரு. ஆறு வாரமாவுது."

"இன்னிக்கே திரும்ப வாங்கிக் குடு. டாக்டர்ட்ட போ. கெஞ்சிக் கேக்கறேன்."

உள்ளிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். போய்விட்டாள். அவள் ஊர் எது என்று கேட்காமல் விட்டேன். வாங்கிக் கொடுத்தாளா என்று எனக்குத் தெரியாது. அந்த வீடியோவை எடுத்துவிடச் சொல்லிப் பலமுறை கேட்டுவிட்டேன். கர்த்தருடைய மகிமைக்கானதை எப்படி அழிப்பது என்கிறார்கள். என் மகளின் குரல் இன்னும் யார் யார் வீட்டிலோ 'இப்போ இல்ல' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

கை ஆறிக்கொண்டு வந்ததும் அவள் கம்பெனிக்குப் போனாள். கரண்ட் என்றே சொல்லிக்கொள் என்று அப்பா சொல்லி அனுப்பியதையும் மீறி, நடந்ததை அப்படியே சொன்னாள். மரியாதையாகக் கேட்டார்கள். ஏற்ற வேலை வந்தால் கூப்பிடுகிறோம் என்றார்கள். பேக்கிங் மேஜைகூட இப்போது இல்லையாம். முதலில் உண்மை சொன்னபோது வேலை கொடுத்தார்கள், இரண்டாவது முறை சொன்னபோது அனுப்பிவிட்டார்கள். நடுவில் சொன்னதுதான் அவர்களுக்கு நினைவிருக்கிறது.

நானும் மகளும் இப்போது அந்தச் சபைக்குப் போவதில்லை. என் கணவர் மட்டும் போகிறார். வேதபாட வகுப்பை வேறு ஒருவர் நடத்துகிறார், அதே கதைகளைத்தான்.

மகள் வேளை தவறாமல் மாத்திரை போடுகிறாள். நான் கேட்பதற்கு முன்பே என் எதிரே வந்து நிற்கிறாள். மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர் குடிக்கிறாள். பிறகு வாயை அகலமாகத் திறந்து, நாக்கைத் தூக்கி, இரண்டு கன்னத்தையும் விரலால் விலக்கிக் காட்டுகிறாள். இதை நான் அவளிடம் கேட்டதில்லை. என் முகத்தைப் பார்த்து அவளாகவே ஆரம்பித்தாள். பிறந்ததிலிருந்து என்னிடம் ஒரு பொய்கூடச் சொல்லாத பெண்ணின் வாய்க்குள் நான் குனிந்து பார்க்கிறேன்.

"போதுமாமா?" என்கிறாள்.

"போதும்" என்கிறேன்.

அவள் அறைக்குள் போனதும், எழுந்துபோய் வாஷ்பேசினையும் குப்பைக்கூடையையும் பார்க்கிறேன்.